தலை நனையாத சுவர்

அத்தியாயம் நான்கு

அந்தச் சுவரைப் பார்க்க இதுவரை நாலு நிபுணர்கள் வந்து போயிருந்தார்கள். நாலு பேரும் சுவரைப் பார்க்கவில்லை, வீட்டுக்காரரின் முகத்தைத்தான் பார்த்தார்கள். அங்கே என்ன எழுதியிருந்ததோ அதையே அவரிடம் திருப்பிப் படித்துக் காட்டிவிட்டு, ஆளுக்கு ஒரு கோட் பூசி மெழுகிவிட்டுப் போய்ச் சேர்ந்தார்கள்.

சர்வேயரம்மாவுக்கு இந்த ரகத்து ஆட்களைக் கண்டாலே ஆகாது. இன்சூரன்ஸ் கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் சேதம் பார்த்தவள் அவள். எரிந்த கடை, மூழ்கிய கிடங்கு, இடிந்த வீடு என்று எங்கே போனாலும் சேதத்துக்குப் பக்கத்தில் ஒரு பொய்யன் நின்றுகொண்டிருப்பான். பொய்யர்களை அவளால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. பொய் சொல்லக்கூடப் புத்தி வேண்டுமே. எதையும் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லும் ஆட்களைப் பார்த்தால்தான் அவளுக்கு வயிறு எரியும். வேலையை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியக் கிளம்பியதற்கு அந்த எரிச்சலே போதுமானதாக இருந்தது.

"மேடம், இன்னிக்கு சனிக்கிழமை. நாளைக்குக் காலையில எட்டு மணிக்கு வண்டி வந்துடும்" என்றான் பல்லி.

பல்லி அவளுடைய உதவியாள். நாற்பது வயது, ஒல்லி உடம்பு. பதினெட்டு வருடம் கயிற்றில் தொங்கிப் பெயிண்ட் அடித்தவன் என்பதால் அந்தப் பெயர் வந்தது. வாய் மட்டும் உடம்பின் எடைக்குப் பொருந்தாமல் பெரிது.

"தெரியும். வாயை மூடிட்டு நட" என்றாள் அவள்.

வீட்டைக் காலி செய்ய வண்டி சொல்லியிருந்ததும், சர்வேயரம்மாவைக் கூப்பிட்டிருந்ததும் மாடிப் போர்ஷன் தையல்காரம்மா. பதினோரு வருடமாக அங்கேதான் குடியிருப்பு, அங்கேதான் தொழில். வாடிக்கைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தப் படிக்கட்டுதான் அடையாளம். மகளுக்குப் பரீட்சைக்கு இன்னும் பத்தே நாள். இந்த நேரத்தில் கீழ்வீட்டு ஹாலில் சுவர் நனைகிறது, மாடியில் துணி அலசுகிற தண்ணீர்தான் இறங்குகிறது, ஞாயிற்றுக்கிழமைக்குள் காலி செய் என்று நோட்டீஸ் வந்துவிட்டது. அதுவும் மூன்று காப்பி. ஒன்று அவள் கையில், ஒன்று படிக்கட்டுச் சுவரில், ஒன்று வீட்டுக்காரரின் ஃபைலில்.

வீட்டுக்காரர் தண்ணீர் இலாகாவில் தலைமை இன்ஜினியராக இருந்து எட்டு மாதம் முன்பு ஓய்வு பெற்றவர். வீடு அவரே வரைந்து, அவரே நின்று கட்டியது. அதை ஒருவருக்கும் மறக்க விடமாட்டார்.

நடையிலிருந்து ஹாலுக்குள் காலை வைத்த பல்லி, வாசற்படியில் கட்டைவிரலை நன்றாக இடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நொண்டினான்.

"பாத்து வரக்கூடாதா? கண்ணு எதுக்கு இருக்கு?" என்றார் இன்ஜினியர், நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே.

"அதைத்தான் சார் அந்த நாலு நிபுணருங்க கிட்டயும் கேக்கணும்."

தையல்காரம்மாவும் பின்னாலேயே வந்தாள். இன்ஜினியர் சுட்டுவிரலை மட்டும் தூக்கினார்.

"மாடி, நீ அங்கேயே நில்லு. ஹாலுக்குள்ள வரவேணாம்."

பதினோரு வருடம் குடியிருக்கிற பெண்பிள்ளைக்கு அந்த வீட்டில் பெயரே அதுதான். அவள் நடையிலேயே நின்றாள். சர்வேயரம்மா இன்ஜினியரை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பார்க்க அதிக நேரம் ஆகவில்லை, மனிதர் ஐந்தடிக்கு ஓர் அங்குலம்தான் கூட இருப்பார்.

சுவர் பார்க்கவே சகிக்கவில்லை. இடுப்புயரத்தில் பெயிண்ட் உப்பி, தோல் உரிந்து, விரலால் தொட்டால் பூச்சு மாவாக உதிர்ந்தது. நடுவில் கனத்த தேக்குச் சட்டத்துக்குள் ஒரு பாராட்டுப் பத்திரம். 'முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரு சொட்டு நீரும் வீணாகாமல் காத்த செம்மலுக்கு' என்று தங்க எழுத்தில் போட்டிருந்தது. கண்ணாடிக்கு உட்பக்கம் நீராவி படிந்து, 'செம்மல்' பாதி கரைந்துவிட்டது.

"பாருங்க, என் சர்வீஸோட மரியாதையையே நாசம் பண்ணிட்டா" என்றார் இன்ஜினியர். "நானும் எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டேன். படிச்சிருந்தா புரியும்."

பல்லி சுவரில் ஒரு செதிலைப் பெயர்த்து, வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தை எண்ணினான். "நாலு கோட் மேடம். முதல் ஆளு பட்டி, ரெண்டாவது ஆளு அது மேல ப்ரைமர், மூணாவது ஆளு வாட்டர்ப்ரூஃப். நாலாவது ஆளு இன்னொரு வாட்டர்ப்ரூஃப். உள்ள தண்ணி இருக்கும்போதே வெளிய கதவைச் சாத்திட்டாங்க. நானும் ஒரு காலத்துல இந்தப் பாவத்தைப் பண்ணினவன்தான்."

"நாலு பேரும் சட்டத்தைக் கழட்டலையா?"

"கழட்டல. சுத்தி வளைச்சுதான் அடிச்சிருக்காங்க. ஓரமா பாருங்க, பழைய கலர் தெரியுது."

"அந்தச் சட்டத்தை யாரும் தொடக்கூடாது. நானே மாட்டினது" என்றார் இன்ஜினியர்.

சர்வேயரம்மா சட்டத்தை விட்டுவிட்டுக் கழுத்தை நிமிர்த்தி மேலே பார்த்தாள். அந்த நாலு நிபுணர்களும் செய்யாத காரியம் இந்த ஒன்றுதான். ஈரம் தரையிலிருந்து ஆறடி வரை இருந்தது. அதற்கு மேல் ஏறக்குறைய நாலடிக்குச் சுவர் காய்ந்து, சுத்தமாக, அடித்த அன்றைய நிறம் கலையாமல் கிடந்தது. சீலிங்கில் ஒரு புள்ளி கறைகூட இல்லை.

"சார், மாடியிலேர்ந்து தண்ணி இறங்கினா முதல்ல நனையறது எது?"

"சீலிங்."

"உங்க சீலிங் எப்படி இருக்கு?"

"தண்ணி சுவருக்கு உள்ளே இறங்கி, எங்க பலவீனம் இருக்கோ அங்க வெளிய வரும். இதெல்லாம் உங்களுக்குப் புரியாது."

"தலை நனையாம குளிச்சிருக்கு சார் உங்க சுவர்" என்றான் பல்லி.

இன்ஜினியரின் மனைவி சமையலறை வாசலில் வந்து நின்றாள். ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சர்வேயரம்மா சொல்லியனுப்பியதைத் தையல்காரம்மா சொன்னபடி, நேற்றுக் காலையில் கணவர் நடைப்பயிற்சிக்குப் போன நேரத்தில், பாலிதீன் தாள் ஒன்றை வெட்டி, நாலு பக்கமும் டேப் போட்டு, சுவரின் ஓரத்தில் ஒட்டி வைத்தவள் அவள்தான். சர்வேயரம்மா அதன் கிட்டே போனாள். தாளின் வெளிப்பக்கம் உலர்ந்திருந்தது. உட்பக்கம், சுவரைத் தொட்ட பக்கம், முத்து முத்தாகத் தண்ணீர் கோத்திருந்தது.

"நாலாவது நிபுணர் என்ன சொன்னார்?" என்று கேட்டாள்.

"சமையல் ஆவியும் மூச்சுக்காத்தும் சுவர்ல படிஞ்சு நனையுதுன்னார். ஜன்னலைத் திறந்து வைக்கச் சொன்னார்" என்றாள் வீட்டம்மா மெல்ல.

"ஆவியா இருந்தா தாளுக்கு வெளிய நனையணும். உள்ள நனைஞ்சிருக்கு. தண்ணி சுவருக்குள்ள இருக்கு. தரையிலேர்ந்து ஏறின ஈரமும் இல்லை. அப்படியிருந்தா சுவர் முழு நீளத்துக்கும் அடியில வரிசையா ஏறியிருக்கும். இது நடுவுல மட்டும் பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கு."

"அதான் சொல்றேன், மாடியிலேர்ந்துதான்" என்றார் இன்ஜினியர்.

சர்வேயரம்மா பல்லியைப் பார்த்தாள். அவன் தலையாட்டிவிட்டுச் சொன்னான்.

"சார், மொட்டைமாடி டாங்க்லேர்ந்து ரெண்டு வால்வு. ஒண்ணு மாடிக்கு, ஒண்ணு உங்களுக்கு. மாடி வால்வைத் திங்கட்கிழமையே மூடி, நூல் கட்டி, அரக்கு வச்சு சீல் பண்ணியாச்சு. இப்பதான் பாத்துட்டு வந்தேன், சீல் அப்படியே இருக்கு. இந்த அம்மா அஞ்சு நாளா தெருக் குழாய்லேர்ந்து குடத்துல தண்ணி ஏத்தறாங்க. மாடிக் குழாய்ல ஒரு சொட்டு கிடையாது. உங்க சுவர் மட்டும் ஜோரா நனைஞ்சுட்டே இருக்கு."

இன்ஜினியர் முதல் முறையாக நடையைப் பார்த்தார். தையல்காரம்மாவின் வலது தோளில் குடம் அழுத்திய இடத்தில் ரவிக்கை கசங்கியிருந்தது. அவர் பார்த்தது அரை நொடிதான்.

"பழைய தண்ணி. சுவர் குடிச்சு வச்சிருக்கும். வடிய மாசக்கணக்காகும்."

இந்தச் சப்பைக்கட்டைச் சர்வேயரம்மா எதிர்பார்த்தே வந்திருந்தாள். "ஈரம் எப்ப ஆரம்பிச்சுது சார்?"

"ஏழு மாசம் இருக்கும்."

"பத்திரத்தை எப்ப மாட்டினீங்க?"

பல்லி பத்திரத்தில் இருந்த தேதியை வாய்க்குள் படித்து, விரல்விட்டு எண்ணி, எட்டு மாதம் என்று உதட்டை அசைத்தான்.

"அந்தச் சுவருக்குள்ள பாத்ரூம்லேர்ந்து சமையலறைக்குப் போற பைப் லைன் இருக்கணுமே? உங்க ஆணி அதுல இறங்கியிருக்கு" என்றாள் சர்வேயரம்மா.

இன்ஜினியர் சிரித்தார். அப்படி ஒரு சிரிப்பை அவள் பல வருடமாகக் கேட்டதில்லை. சின்னக் குழந்தை தப்பாகக் கணக்குப் போட்டதைப் பார்த்து வாத்தியார் சிரிப்பாரே, அந்தச் சிரிப்பு. எழுந்து உள்ளே போய், பிளாஸ்டிக் உறை போட்ட வரைபடத்தைக் கொண்டுவந்து மேஜையில் விரித்தார்.

"வீட்டுப் படம். என் கையெழுத்து. பைப் லைன் தரையிலேர்ந்து சரியா அஞ்சடி. அந்த ஆணி எங்க இருக்கு, அளந்து பாருங்க."

பல்லி சட்டத்தைத் தொடாமல் அதன் பின்னால் எட்டிப் பார்த்து அளந்தான். தரையிலிருந்து ஆணி வரை நாலடி ஒன்பது அங்குலம்.

"மூணு அங்குலம் கீழே" என்றார் இன்ஜினியர். "கார்பெண்டரைக் கூப்பிடுங்க, சுவரைத் தட்டிப் பாத்துட்டு அடிப்பான்னு இவ சொன்னா. எனக்கு எதுக்குத் தட்டிப் பாக்கணும்? படம் இருக்கு. அளந்து, குறி போட்டு, என் கண்ணு மட்டத்துக்கு நானே அடிச்சேன். முப்பத்தெட்டு வருஷம் ஊருக்கே பைப் போட்டவன் நான். நீங்க போயி எரிஞ்ச கடையைப் பாருங்க. மாடி, நாளைக்கு எட்டு மணி."

தையல்காரம்மாவின் முகம் வாடியது. சர்வேயரம்மாவுக்குக் காது சுட்டது. படத்தை மறுபடி பார்த்தாள். அளவுகள் எல்லாம் துல்லியம், மேஸ்திரியின் கையெழுத்தும் இருந்தது. இப்படி ஒரு படத்தை வைத்துக்கொண்டு எந்த மடையனும் பைப்பில் ஆணி அடிக்கமாட்டான். ஒரு நிமிடம் அவளே தன்னை அந்த நாலு நிபுணர்களோடு ஐந்தாவதாகச் சேர்த்து எண்ணிப் பார்த்தாள். அது அவளுக்குக் கொஞ்சமும் ரசிக்கவில்லை.

"வா பல்லி" என்று திரும்பினாள்.

பல்லி நொண்டிக்கொண்டே வந்தான். வாசற்படியில் காலை ஜாக்கிரதையாகத் தூக்கி இறக்கினான். "இருங்க மேடம், மறுபடி இடிச்சுக்கப் போறேன். எந்த மேதாவி கட்டினானோ, நடைக்கும் ஹாலுக்கும் நடுவுல இவ்வளவு உயரம்."

அவள் நின்றாள். குனிந்து படியைப் பார்த்தாள். பிறகு ஹால் கதவின் அடிப்பக்கத்தைத் தடவினாள். மற்ற மூன்று பக்கமும் பழைய வார்னிஷ். அடியில் மட்டும் ரம்பம் போட்டு அறுத்த வெறும் மரம்.

"அம்மா, இந்த டைல்ஸ் எப்பப் போட்டது?" என்று வீட்டம்மாவைக் கேட்டாள்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. பழைய மொசைக்கைப் பேத்தா தூசின்னு, அது மேலயே கலவை கொட்டிப் போட்டுட்டாங்க. கதவு தட்டுதுன்னு அடியில அறுத்தோம்."

"படத்துல ஏத்தினீங்களா சார்?"

"எதை?"

"தரை உசந்ததை."

"டைல்ஸ் வெறும் அலங்காரம். அது இன்ஜினியரிங் இல்லை" என்றார் அவர். சொல்லி முடிப்பதற்குள் குரல் கொஞ்சம் தேய்ந்தது.

சர்வேயரம்மா ஹாலின் நடுவில் வந்து நின்றாள். இனி அவசரப்பட ஒன்றுமில்லை. "பல்லி, ஸ்டூல்ல ஏறு. டேப்போட முனையைச் சீலிங்ல வை. சார், மறுமுனையை நீங்களே பிடிங்க. உங்களுக்குத்தான் யார் அளந்தாலும் நம்பிக்கை வராதே. தரை ஏறும், சீலிங் இறங்காது. உங்க படத்துல தரைக்கும் சீலிங்குக்கும் எவ்வளவு?"

"பத்தடி."

"பைப் தரையிலேர்ந்து அஞ்சடின்னா, சீலிங்லேர்ந்து?"

அவர் டேப்பைத் தரை வரை இழுத்துப் பார்த்தார். ஒன்பதடி ஒன்பது அங்குலம். பிறகு ஆணித்தலைக்கு நேரே பிடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சத்தமாப் படிங்க சார், நடையில நிக்கறவங்களுக்கும் கேக்கணும்" என்றான் ஸ்டூலில் நின்ற பல்லி.

"அஞ்சடி" என்றார் இன்ஜினியர்.

அப்போதும் மனிதர் விடவில்லை. மேஸ்திரி லைனைக் கொஞ்சம் ஏற்றி இறக்கி வைத்திருப்பான், ஆணி பைப்பில்தான் பட்டிருக்க வேண்டும் என்று என்ன கட்டாயம் என்றார். சட்டத்தைத் தானே கழற்றிக் கீழே வைத்தார். அதன் முதுகு அட்டை ஊறிப்போய்ப் பொதபொதவென்று இருந்தது. ஆணியைச் சுற்றித் துரு ஒரு வட்டம் போட்டு, அங்கிருந்து கோடாகக் கீழே வழிந்திருந்தது.

"வால்வை மூடிட்டுப் பிடுங்கலாம் சார்" என்றாள் சர்வேயரம்மா.

"தேவையில்லை. வெறும் ஆணி" என்று இடுக்கியைப் போட்டு இழுத்தார்.

எட்டு மாதமாக ஆணியே அடைப்பாக இருந்து கசிந்துகொண்டிருந்த தண்ணீர், வழி கிடைத்ததும் ஊசிபோல நீளமாகப் பீய்ச்சிக்கொண்டு அவர் மார்பில் அடித்தது. மனிதர் பதறிப்போய்க் கட்டைவிரலால் ஓட்டையை அழுத்தினார். பல்லி உதவப் போனான். சர்வேயரம்மா அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்தாள்.

"இரு. அவர் முப்பத்தெட்டு வருஷமா ஒரு சொட்டும் வீணாகாம காத்தவர்."

ஓய்வு பெற்ற தலைமை இன்ஜினியர், கையைத் தூக்கிக் கட்டைவிரலைச் சுவரில் வைத்தபடி, சட்டையிலிருந்து தண்ணீர் சொட்ட நின்றார். விரலை எடுத்தால் ஹால் குளமாகிவிடும். வால்வோ மொட்டைமாடியில். மொட்டைமாடிச் சாவி, துணி உலர்த்துவதற்காகத் தையல்காரம்மாவிடம்.

"மாடி, வால்வை மூடு" என்றார்.

தையல்காரம்மா நடையிலிருந்து அசையவில்லை. "ஹாலுக்குள்ள வரவேணாம்னீங்க. இங்க நின்னா எனக்குச் சரியா காது கேக்கலை சார்."

விரலுக்கு இரண்டு பக்கமும் தண்ணீர் பிதுங்கி அவர் முழங்கை வழியாக இறங்கியது. மனைவியைப் பார்த்தார். அவள் பார்வையைத் திருப்பாமல் நின்றாள், கை மட்டும் உதவிக்கு வரவில்லை.

"கொஞ்சம் போயி வால்வை மூடும்மா" என்றார் இன்ஜினியர். கடைசிச் சொல் வாயைவிட்டு வர ரொம்பக் கஷ்டப்பட்டது.

அவள் போனாள். ஓடவில்லை, நடந்துதான் போனாள். ஒவ்வொரு படியும் கீழே கேட்டது.

தண்ணீர் நின்று, அவர் கையை இறக்கித் தோளைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தபோது, சர்வேயரம்மா காரியத்துக்கு வந்தாள். "சுவரை வெட்டி அந்தப் பைப் துண்டை மாத்துங்க. நனைஞ்ச பூச்சு மொத்தத்தையும் செங்கல் தெரியற வரைக்கும் சுரண்டுங்க. அப்புறம் ஒரு மாசம் கைய வைக்காதீங்க, ஃபேனையும் ஜன்னலையும் மட்டும் நம்புங்க. பாலிதீன் தாளை மறுபடி ஒட்டி, உள்பக்கம் ஒரு நாள் முழுக்கக் காய்ஞ்சு இருந்தாதான் புதுப் பூச்சு, அது காய்ஞ்ச பிறகுதான் பெயிண்ட்."

"எந்தக் கம்பெனி பெயிண்ட் நல்லது?" என்றார் அவர்.

இவ்வளவுக்கும் பிறகு அந்த மனிதர் கேட்ட கேள்வி அதுதான்.

தையல்காரம்மா இறங்கி வந்து, இந்த முறை யாரையும் கேட்காமல் ஹாலுக்குள் வந்தாள். தரையில் தேங்கிய தண்ணீரைப் பார்த்தாள். கையிலிருந்த நோட்டீஸைப் பிரித்து அதன் மேல் விரித்துக் காலால் அழுத்தினாள். காகிதம் நன்றாகவே உறிஞ்சியது.

"சரி, நீ இருந்துக்கோ. நான் ஒண்ணும் சொல்லலை" என்றார் இன்ஜினியர், பெரிய மனது பண்ணி.

"வாயால வேணாம் சார். எழுதிக் குடுங்க. படிக்கட்டுச் சுவர்ல என்னைப் பத்தி எழுதி ஒட்டினீங்க. வந்துபோற வாடிக்கைக்காரங்க அத்தனை பேரும் அதைப் படிச்சுட்டுதான் மேல வந்தாங்க. அதே இடத்துல இதுவும் இருக்கணும்."

"என்ன எழுதணும்?"

"நடந்ததை."

"சார், உங்க வழக்கப்படி மூணு காப்பி" என்றான் பல்லி.

அவர் எழுதினார். துல்லியமான மனிதர், எழுதும்போது பொய் வரவில்லை. ஹால் சுவரின் ஈரத்துக்கு மாடிக் குடியிருப்பு காரணமல்ல, சீலிங்கிலிருந்து ஐந்தடியில் தாம் அடித்த ஆணியே காரணம் என்று மூன்று முறை எழுதி, மூன்று முறை கையெழுத்துப் போட்டு, தேதியும் போட்டார். தையல்காரம்மா ஒன்றை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். இன்னொன்றைப் பல்லி படிக்கட்டுச் சுவரில் பழைய நோட்டீஸின் மேலேயே ஒட்டினான். ஒட்டும்போது நடையில் அவள் போனில் பேசுவது கேட்டது. "வண்டி வேணாம்ணே. ஆமா. இல்ல, எங்கயும் போகலை."

மூன்றாவது காப்பியை எடுத்து, வழக்கம்போல ஃபைலில் வைக்க இன்ஜினியர் எழுந்தார். அதற்குள் வீட்டம்மா வந்து கையை நீட்டினாள்.

"அதை இப்படிக் குடுங்க."

"உனக்கு எதுக்கு?"

"நான் வச்சுக்கறேன்" என்றாள். வாங்கி, ஒருமுறை நிதானமாகப் படித்து, மடித்து, தன் பீரோவைத் திறந்து உள்ளே வைத்துப் பூட்டினாள். சாவியை அவர் கண்ணெதிரே இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.